மணற்கடிகை சுமக்கும் எலும்புக்கூடு

பழவேற்காடு டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் இரண்டு. ஒன்றின் தலையில் மணற்கடிகை. அது துரத்தவில்லை, கடிக்கவில்லை. நேரத்தைச் சுமந்தபடி நிற்கிறது. அதுவே குலை நடுங்கப் போதும்.

பகடை உருட்டிக் கதை வளர்க்கும் மேசை விளையாட்டு, 1974இல் வந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வழியில் பரவியது. அதற்கு நடைப்பிணம் படைக்க உட்காரும்போதெல்லாம் இந்த வாசல்தான் என் கண்ணில் நிற்கும். பழவேற்காடு ஏரியில் யார், எங்கே, எந்த நாள் வலை போடுவது என்று முறைவைத்துப் பிரிக்கும் 'பாடு' இங்கே உண்டு. செத்த பிறகும் தன் பாடு வரும் நாளை மறக்காத மீனவர்தான் என் நடைப்பிணம். இடுப்பளவு நீரில் வலைக்கோலைப் பிடித்து நிற்பார். வெட்டிப் பயனில்லை, அவர் பாடு இனி யாருக்கு என்று ஊர் கூடிச் சொன்னால்தான் கரையேறுவார். ஆட்டக்காரர்கள் வாளை வைத்துவிட்டுப் பேசத் தொடங்கும் அந்த நொடிக்காகவே இவரைப் படைத்தேன்.

வில்லனுக்கு முகமே கிடையாது: ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை அடைக்கும் மணல். கடல்நீர் உள்ளே வராவிட்டால் இறால் குஞ்சும் வராது. ஒவ்வொரு சுற்று முடிவிலும் மேசைமேல் ஒரு பிடி மணல் கொட்டுவேன்.