'ங்க' எதுவரைக்கும் போகும்?

கொங்குத் தமிழ் மரியாதையான தமிழ் என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட சங்கதி. 'ஏனுங்க', 'சொல்லுங்க' என்று சினிமாவரைக்கும் அதன் புகழ் உண்டு. இந்த 'ங்க' யார் வாசல்வரை போய் நின்றுவிடுகிறது என்பதைப் பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' (2000) நாவலை முன்வைத்துப் பேச விரும்புகிறேன்.

திருச்செங்கோட்டுப் பக்கத்து மேட்டுக்காடுகளில், கவுண்டர்களிடம் பண்ணயத்துக்கு விடப்பட்டு ஆடு மேய்க்கும் அருந்ததியர் பிள்ளைகளின் கதை அது. நண்பர்கள் பலர் அதைப் பால்யத்தின் கதை என்றே என்னிடம் சிலாகித்திருக்கிறார்கள். எனக்கு உறுத்தியது பெயர்கள். கூளையன், நெடும்பன், செவிடி: உடம்பின் குட்டையும் நெட்டையும் ஊனமுமே பெயர்கள். பண்ணயக்காரர் மகன் பெயரோ செல்வன். வ.கீதாவின் ஆங்கில மொழிபெயர்ப்பில் (2004) கூளையன் 'ஷார்ட்டி' ஆகிறான், செவிடி 'ஸ்டோன்டெஃப்' ஆகிறாள். செல்வன் செல்வனாகவே இருக்கிறான். ஆங்கிலத்தில் முகத்தில் அடிக்கிற இந்த வேறுபாடு தமிழில் வாசிக்கும் நமக்குத் தட்டுப்படுவதில்லை. அப்படிக் கூப்பிடக் கேட்டே காது பழகிவிட்டது.

போலீஸ்காரன் 'ஏய்' என்று கூப்பிட, திரும்பிப் பார்ப்பவன் அக்கணமே தன்னிலையாகிறான் என்றார் அல்தூசர் (1970). நம் ஊரில் அந்த விளிப்பு ஆளுக்கு ஆள் மாறும். நரைத்த மாதாரியைக் கவுண்டர் வீட்டுச் சிறுவன் 'ஏண்டா' என்பான். கிழவர் 'சொல்லுங்க சாமி' என்பார். இன்றும் இது அற்றுப்போய்விடவில்லை. இதற்கு வெறுப்புகூடத் தேவையில்லை, பிரியமாகவே நடக்கும். பையன் கற்றுக்கொள்வது பேச்சைத்தான். சாதி அந்த விகுதியோடு ஒட்டிக்கொண்டே உள்ளே போய்விடுகிறது.

'இதெல்லாம் சின்ன விஷயம் தோழர்' என்பார்கள். அதே திருச்செங்கோட்டுக் கோயிலில் 2015இல் ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டிருந்த ஓமலூர் இளைஞர் கோகுல்ராஜ் கடத்திக் கொல்லப்பட்டார்; 2022இல் 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 'அவனுங்க வெறியனுங்க, நாம அப்படியில்ல' என்று நகர்ந்துகொள்வது சுலபம். ஆனால் யார் யாரோடு சமமாக நின்று பேசலாம் என்கிற கணக்கு, கொலைகாரர்கள் புதிதாகக் கண்டுபிடித்தது அல்ல. நம் எல்லோர் நாக்கிலும் புழங்குவது. கொலைக்குத் தண்டனை தர நீதிமன்றம் இருக்கிறது; நாக்குக்கு நாம்தான் பொறுப்பு.

மனசுக்குள் துழாவினால் யாருக்கும் தன் சாதி தட்டுப்படாது. 'எனக்கு வித்தியாசம் கிடையாதுங்க' என்றுதான் பதில் வரும். பெருமாள்முருகன் தொகுத்த 'சாதியும் நானும்' (2013) வேறு வழி காட்டுகிறது. அதில் எழுதியவர்கள் கொள்கை பேசவில்லை. எந்த வீட்டில் எதில் காப்பி ஊற்றினார்கள் என்று எழுதினார்கள். நாமும் அப்படி எழுதிப் பார்க்கலாம். நம் கூட்டம் முடிந்ததும் நாற்காலி அடுக்குபவரை, தெருக் கூட்டுபவரை எந்த விகுதியில் கூப்பிடுகிறோம்? அந்தப் பட்டியலோடு வாருங்கள், அடுத்த கூட்டத்தில் தத்துவம் பேசுவோம்.