உறவுமுறை தேடிய ஒரு இசைக்குழு

ஆஃப்ரோ கெல்ட் சவுண்ட் சிஸ்டத்தை நான் கேட்க ஆரம்பித்ததே தப்பான வரிசையில்தான். முதலில் காதில் விழுந்தது இரண்டாவது ஆல்பத்தின் தலைப்புப் பாடலான ‘ரிலீஸ்’. பாடுவது ஷினேட் ஓ’கானர் என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது. பக்கத்தில் இருந்த நண்பன் ஒரு பக்க இயர்போனை வாங்கிக் கேட்டுவிட்டு, “இவங்க நம்மள ஆடச் சொல்றாங்களா, அழச் சொல்றாங்களா?” என்றான். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. குழுவின் வரலாறு தெரிந்த பிறகுதான் அவன் கேட்டது எவ்வளவு சரியான கேள்வி என்று புரிந்தது.

கதை செனகலில் தொடங்குகிறது. பாபா மாலின் 1994 ஆல்பமான ‘ஃபிரின் இன் ஃபூட்டா’வைத் தயாரித்தவர் சைமன் எமர்சன் என்ற ஆங்கிலேயர். அங்கே கேட்ட ஒரு மெட்டு, பழைய ஐரிஷ் மெட்டு ஒன்றைப் போலவே இருப்பது அவரை உலுக்கியது. லண்டன் திரும்பியவர் இதை டேவி ஸ்பிலானிடம் சொன்னார். ஸ்பிலான் இல்லன் பைப்ஸ் வாசிப்பவர். வாயால் ஊதாமல், முழங்கைக்கடியில் துருத்தியை அமுக்கிக் காற்றேற்றும் ஐரிஷ் பைக்குழல் அது. கெல்ட்டுகள் மேற்கு ஐரோப்பாவுக்கு வருமுன் நாடோடிகளாக ஆப்பிரிக்காவிலோ இந்தியாவிலோ வாழ்ந்தார்கள் என்று ஒரு நம்பிக்கை உண்டு என்றார் ஸ்பிலான்.

எமர்சனுக்கு இது போதுமாயிருந்தது. 1995இல் வில்ட்ஷயரின் பாக்ஸ் கிராமத்தில், பீட்டர் கேப்ரியலின் ரியல் வேர்ல்ட் ஸ்டுடியோவில் பாபா மாலின் குழுவைச் சேர்ந்த கலைஞர்களையும் ஐரிஷ் கலைஞர்களையும் கொண்டுவந்து உட்கார வைத்தார். அடுத்த ஆண்டு ‘வால்யூம் 1: சவுண்ட் மேஜிக்’ வந்தது.

அந்த நம்பிக்கையில் இந்தியாவும் வருவதால் எனக்குமே ஒரு நிமிடம் உள்ளூரச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும். ரெண்டு மெட்டு ஒத்துப்போனால் ரெண்டு இனமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஆகிவிடுமா? ஐந்து சுரங்களை வைத்துக்கொண்டு பாடுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்களுடைய மெட்டுகள் எங்காவது ஒன்றையொன்று தொடத்தான் செய்யும். அதற்கு இடப்பெயர்வுக் கதை தேவையில்லை.

முதல் ஆல்பத்தின் பலவீனம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். உறவு ஏற்கனவே இருக்கிறது என்று நம்பிவிட்டால், அதை உண்டாக்க உழைக்க வேண்டியதில்லை. இயர்லா ஓ லினார்டின் குரலையே எடுத்துக்கொள்வோம். அவர் பாடுவது ஷான் நோஸ். ‘பழைய முறை’ என்று அர்த்தம். பக்கவாத்தியம் கிடையாது, எண்ணும் தாளமும் கிடையாது. எந்தச் சொல்லில் நிற்பது, எதை இழுப்பது என்று பாடுகிறவர்தான் முடிவுசெய்வார். டிரம் மெஷின் யாருக்காகவும் நிற்காது. முதல் ஆல்பத்தில் பல இடங்களில் அந்தக் குரல் நடன பீட்டுக்கு மேலே மூடுபனி மாதிரி மிதக்கிறது. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் குரல் காத்திருக்கச் சொல்லும்போது பீட் காத்திருப்பதில்லை.

உண்மையான ஒற்றுமை வேறு இடத்தில் இருந்தது. பின்னர் குழுவில் சேர்ந்த என்ஃபாலி குயாட்டே, கினி நாட்டுக்காரர். பாதிச் சுரைக்குடுக்கையில் தோல் போர்த்தி 21 தந்திகள் கட்டிய கோராவை வாசிப்பவர். மாலிப் பேரரசை நிறுவிய சுந்தியாட்டாவின் காலம் முதல் கதை சொல்லும், புகழ் பாடும் கிரியோ மரபில் வந்த குலம் அவருடையது. ஓ லினார்ட் கார்க் மாவட்டத்தின் கூலே கிராமத்துக்காரர். நாட்டுப்பாடல் சேகரிப்பாளர்கள் தேடிப்போய்ப் பதிவுசெய்த எலிசபெத் குரோனின் அவருக்குப் பாட்டி முறை. ரெண்டு பேருக்கும் பாட்டு வீட்டு வழியாக வந்தது. இதில்கூட ஒரு வித்தியாசம் இருக்கிறது. கிரியோவுக்குப் பாட்டு குலத்தொழில். புரவலர்கள் உண்டு, சன்மானம் உண்டு. ஷான் நோஸ் பாடகர் அடுப்படியில் அக்கம்பக்கத்தாருக்காகப் பாடுகிறவர். இந்த ஒற்றுமையையும் வித்தியாசத்தையும் சேர்த்துக் கேட்பதுதான் இந்த இசையை நியாயமாகக் கேட்கும் வழி.

1997 அக்டோபரில் குழுவின் கீபோர்டு கலைஞர் ஜோ புரூஸ் ஆஸ்துமாவால் இறந்தார். ‘கிரீம்’ குழுவின் ஜாக் புரூஸின் மகன். இரண்டாவது ஆல்பத்தின் வேலை பாதியில் இருந்தது. மேற்கொண்டு எப்படிப் போவது என்று தெரியாமல் நின்றவர்களிடம் ஓ’கானர் வந்து சேர்ந்தார். ‘ரிலீஸ்’ பாடலில் இறந்தவனே இருப்பவர்களிடம் பேசுகிறான். தன்னை முன்னிட்டு அவர்கள் பிளவுபடக் கூடாது என்பதுதான் அவன் வேண்டுவது. கூடவே ஓ லினார்டின் ஐரிஷ் குரலும் வருகிறது. 1999இல் வந்த இந்தப் பாடலிலும் அதே மெஷின் துடிப்புதான். ஆனால் இம்முறை அது நிற்காமல் போவதற்கு ஒரு அர்த்தம் கிடைத்துவிட்டது. ஒருவன் இல்லாத பின்னும் பொழுது நிற்காமல் போவதுபோல. நண்பனின் கேள்விக்கு இப்போது பதில் சொல்வேன்: ரெண்டும்தான்டா.

முதல் ஆல்பத்தில் கிடைக்காத உறவை இரண்டாவதில் ஒரு சாவு கொடுத்தது. ரத்தத்தால் அல்ல, ஒரே இழப்பின் முன்னால் உட்கார்ந்ததால் வந்த உறவு.

2001இன் மூன்றாவது ஆல்பத்துக்குக் கேப்ரியலும் ராபர்ட் பிளான்ட்டும் பாட வந்தார்கள். நல்ல பாடல்கள்தான். ஆனாலும் விருந்தாளி வந்ததும் வீட்டுக்காரர் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவதுபோல, அங்கே கோரா ஓரமாகப் போய்விடுகிறது. 2003இன் ‘சீட்’ ஆல்பத்தில் கணினி சற்றுப் பின்வாங்கி, கைகள் முன்னால் வருகின்றன. எனக்குப் பிடித்தது அதுதான்.

பிறகு, ‘ரிலீஸ்’ எதை அஞ்சியதோ அதுவே நடந்தது. குழு பிளந்தது. எமர்சன் ஒரு பக்கம், ஜேம்ஸ் மெக்நாலியும் மார்ட்டின் ரஸலும் இன்னொரு பக்கம். ஒரே பெயரில் இரண்டு அணிகள். 2015 டிசம்பரில்தான் உடன்பாடு ஏற்பட்டது: பெயர் எமர்சன், குயாட்டே, ஜானி கல்சி ஆகியோருக்கு, மற்ற இருவரும் தத்தம் பெயரில் இயங்குவார்கள்.

இந்தப் பட்டியலில் கல்சியைக் கவனியுங்கள். தோல் வாசிக்கும் பிரிட்டிஷ் பஞ்சாபியர். ஆஃப்ரோவும் இல்லை, கெல்ட்டும் இல்லை. குழுவின் பெயர்ப்பலகையில் அவருக்கு இடமே இல்லை. அந்தப் பெயரைக் காப்பாற்றி வைத்துக்கொண்ட மூவரில் அவரும் ஒருவர். பூர்வீக உறவுக் கோட்பாட்டுக்கு இதைவிட நல்ல மறுப்பை நான் எழுதிவிட முடியாது.

எமர்சன் 2023 மார்ச்சில் காலமானார். நான்கு மாதம் கழித்து ஓ’கானரும் போய்விட்டார். ‘ரிலீஸ்’ பாடலை இப்போது போட்டால், இருப்பவர்களிடம் பேசுவது யார் குரல் என்றே எனக்குக் குழம்புகிறது. பீட் மட்டும் அப்படியே போய்க்கொண்டிருக்கிறது.