சேற்றுப் பந்தயத்தின் இரண்டு அங்குல ரப்பர்

பெல்ஜியத்தின் நமூர் நகரில், மியூஸ் நதிக்கு மேலே குன்றின்மீது ஒரு பழைய கோட்டை நிற்கிறது. டிசம்பர் குளிரில் அதன் சரிவுகளில்தான் சைக்ளோகிராஸ் உலகக் கோப்பைப் பந்தயம் நடக்கும். மழையில் ஊறிய மண், துருத்தி நிற்கும் மர வேர்கள், ஒருபக்கமாகச் சாய்ந்த பாதை. மேலிருந்து இறங்கும் வீரர் பிரேக்கை இறுக்கிப் பிடிப்பதில்லை. விரலால் தொடுகிறார், விடுகிறார், மறுபடி தொடுகிறார். டிஸ்க் பிரேக் வருவதற்கு முன்பு அந்தத் தொடுகை போய்ச் சேர்ந்த இடம், ரிம்மை உரசும் இரண்டு அங்குல ரப்பர்க் கட்டை. கார்பன் சக்கரத்தில் பந்தயம் ஓட்டிய ஒரு தலைமுறைக்கு, அந்தக் கட்டையைத் தேர்ந்தெடுப்பது தனிக் கலையாகவே இருந்தது.

சைக்ளோகிராஸ் பிரான்சில் பிறந்தது. அதைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுவது பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதி. செப்டம்பரில் தொடங்கும் பருவம் பிப்ரவரி வரை நீளும். மூன்று கிலோமீட்டரை ஒட்டிய சுற்றுப் பாதையில் புல்வெளி, சேறு, மணல், படிக்கட்டு, 40 சென்டிமீட்டர் உயரத் தடுப்புப் பலகைகள் எல்லாம் வரும். ஓட்ட முடியாத இடத்தில் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். முதல்நிலை ஆண்களுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் இந்தப் பாடு. டயரின் அகலம் 33 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்பது விதி.

இவ்வளவு முரட்டுப் பந்தயத்துக்கு விலை உயர்ந்த கார்பன் சக்கரம் எதற்கு? விடை டயரில் இருக்கிறது. இங்கே நெடுங்காலமாக ஆண்டுவந்தது ரிம்மில் பசை போட்டு ஒட்டும் டியூபுலர் டயர். அதில் காற்றை 20 பிஎஸ்ஐ வரை இறக்கி ஓட்டலாம். கல்லிலோ வேரிலோ மோதினாலும் டியூப் ரிம்மில் நசுங்கிப் பஞ்சராவது அரிது. அந்த டயருக்கான ரிம்மைக் கார்பனில் செய்தால் எடை நன்றாகக் குறையும். ஒவ்வொரு வளைவுக்குப் பிறகும் நின்ற நிலையிலிருந்து வேகம் பிடிக்க வேண்டிய ஆட்டத்தில் அது பெரிய லாபம். உயரமான கார்பன் ரிம் சேற்றையும் மணலையும் கிழித்துக்கொண்டு போகும். ஸ்போக்குகளுக்கிடையே அப்பும் மண்ணும் குறையும்.

இத்தனை லாபத்துக்கும் விலை கொடுத்தது பிரேக்தான். ரெசின் பூசிய கார்பன் ரிம்மின் பக்கவாட்டு வழவழப்பானது. அதன்மேல் தண்ணீர் படலமாக நிற்கும்போது கட்டை முதலில் தண்ணீரைத்தான் தொடுகிறது. படலத்தை வழித்தெறிந்த பிறகே பிடி கிடைக்கும். லிவரை அழுத்தியதற்கும் வேகம் குறைவதற்கும் நடுவே சக்கரம் ஒரு சுற்றோ இரண்டு சுற்றோ உருண்டுவிடும். வளைவுக்கு முன்னால் வரும் அந்தச் சில அடிகளில்தான் வீரரின் மனம் கலங்கும்.

சாலைப் பந்தயக்காரருக்குக் கார்பன் ரிம்மில் இருந்த கவலையே வேறு. ஆல்ப்ஸ் மலையின் நீண்ட இறக்கங்களில் தொடர்ந்து பிரேக் பிடித்தால் ரிம் கொதிக்கும். அளவு மீறினால் ரெசின் இளகி ரிம்மே உருக்குலையும். அதனால் கார்பனுக்கான கட்டை செய்தவர்கள் வெப்பத்தைக் கட்டுப்படுத்துவதிலேயே பெரும் கவனம் வைத்தார்கள். சேற்றுப் பந்தயத்தில் இறக்கங்கள் குட்டையானவை, வேகமும் குறைவு; ரிம் சூடேற நேரமே இருக்காது. மலைச் சாலையில் புகழ் வாங்கிய கட்டை நமூரின் சேற்றிலும் சிறக்கும் என்று நம்ப இடமில்லை. இங்கே எதிரி தண்ணீரும் மணலும்.

இன்னொன்றையும் தேர்ந்தவர்கள் அறிவார்கள். சேற்றில் டயருக்கே பிடி குறைவு. பிரேக் முரட்டுத்தனமாகக் கவ்வினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், முன்சக்கரம் வழுக்கும், வீரர் தரையில் கிடப்பார். ஆகவே உச்சபட்ச வலிமையைத் தேடுவது வீண். முதல் சுற்றில் லிவரை எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு வேகம் குறைந்ததோ, கடைசிச் சுற்றிலும் அதே அழுத்தத்துக்கு அதே அளவு குறைய வேண்டும். இந்த நம்பகத்தன்மைதான் நல்ல கட்டையின் இலக்கணம்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு கட்டைக்கும் தனிக் குணம் தெரியும். சுவிஸ்ஸ்டாப் நிறுவனத்தின் 'யெல்லோ கிங்', பெயருக்கேற்ற மஞ்சள் நிறத்தில், நீண்ட காலம் கார்பன் ரிம்களின் நிலையான துணை. காய்ந்த நாளில் அதன் கவ்வல் தெளிவானது. சில ரிம்களில் கீச்சென்று கத்தும். அதே நிறுவனத்தின் கறுப்பு நிறக் கலவையான 'பிளாக் பிரின்ஸ்' சூட்டையும் ஈரத்தையும் மனத்தில் வைத்துப் பின்னால் வந்தது. ரெனால்ட்ஸ் சக்கரங்களுக்கு 'கிரையோ ப்ளூ' என்ற நீலக் கட்டை. பிரான்சின் கொரிமா பரிந்துரைத்தது தக்கைக் கட்டை: தொடுகையில் மென்மை, சத்தமும் குறைவு, ஆனால் ஈரத்தில் பிடி மெலிந்து, மணலில் வேகமாகக் கரையும். காய்ந்த புல்வெளிப் பந்தயத்துக்கு அது அழகு. நவம்பர் மழைக்கு ஆகாது.

சால்மன் மீனின் நிறத்தில் கூல்-ஸ்டாப் செய்யும் கலவைக்கு ஈரத்தில் பெரும் பெயர் உண்டு. அந்தப் பெயர் அலுமினிய ரிம்மில் சம்பாதித்தது. கார்பனுக்கு அதே நிறுவனம் தனிக் கலவை தருகிறது. என்வி போன்ற சக்கர நிறுவனங்கள் தங்கள் ரிம்மின் பரப்புக்கு இசைந்த கட்டையைச் சக்கரத்தோடு சேர்த்தே கொடுத்தன. ரிம்மும் கட்டையும் ஒரு ஜோடி. ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றதைக் குறை சொல்ல முடியாது.

சரியான கட்டையை வாங்குவதோடு பாதி வேலைதான் முடிகிறது. மீதி மெக்கானிக்கின் கையில். கட்டையை ரிம்முக்கு நேர் இணையாக வைத்தால் அது அலறும். அதனால் முன்முனை முதலில் ரிம்மைத் தொடும்படி மயிரிழை சாய்வு கொடுப்பார்கள். பின்முனையில் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றி, லிவரை அழுத்திப் பிடித்தபடி திருகை முறுக்கிவிட்டு, பேண்டை உருவிவிடுவது பட்டறைப் பழக்கம். சேறு போய்வர இடம் விட வேண்டும் என்பதற்காகத்தான் சைக்ளோகிராஸில் கேன்டிலீவர் பிரேக் ஆண்டது. அதன் இரண்டு கைகளையும் இணைக்கும் குறுக்குக் கேபிளைத் தாழ்த்தினால் பிடி கூடும், ஆனால் கட்டைக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளி குறுகும். எங்கே நிறுத்துவது என்பதைப் பாதையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

முன்பிரேக் பிடித்தால் ஃபோர்க் முழுதும் அதிரும் நோய் ஒன்று உண்டு. பலரும் கட்டையைத்தான் பழிப்பார்கள். குற்றவாளி பெரும்பாலும் கேபிளின் அமைப்பு. பிரேக் பிடிக்கையில் ஃபோர்க் பின்னோக்கி வளைகிறது, ஹேண்டில்பாருக்குக் கீழே கட்டப்பட்ட கேபிள் அதனால் மேலும் இறுகுகிறது, பிடி கூடுகிறது, டயர் நழுவியதும் எல்லாம் தளர்ந்து மீண்டும் தொடங்குகிறது. கேபிள் நிறுத்தியை ஃபோர்க்கின் தலையிலேயே பொருத்தியபோது அதிர்வு அடங்கியது. நல்ல மெக்கானிக் கட்டையை மாற்றும் முன் இதைப் பார்த்துவிடுவார்.

பயிற்சிக்கு அலுமினியச் சக்கரம், பந்தயத்துக்குக் கார்பன் சக்கரம் என்று வைத்திருந்தவர்களுக்கு ஒரு விதி வேதவாக்கு: கட்டைகள் கலக்கக் கூடாது. அலுமினிய ரிம்மிலிருந்து உதிரும் உலோகத் துணுக்குகள் ரப்பரில் புதையும். அதே கட்டை கார்பனைத் தொட்டால் ரிம்மில் கோடு கோடாகச் சுரண்டும். இரண்டு ரிம்களின் அகலமும் ஒன்றாக இருக்காது. சக்கரம் மாறினால் இடைவெளியையும் திருத்தியாக வேண்டும். கட்டையை மட்டும் உருவி வேறொன்றைச் செருகும் கார்ட்ரிஜ் வகை இங்கே வரமாக அமைந்தது. பந்தயம் முடிந்த மாலை, ஊசி முனையால் ரப்பரில் பதிந்த மணலை நோண்டி எடுத்து, உப்புத்தாளில் பரப்பைத் தேய்த்து, ரிம்மை ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து வைப்பார்கள். மண் கலந்த ஒரே மழைப் பந்தயத்தில் புதுக் கட்டைகள் தேய்ந்து தகடாவதும் உண்டு.

பாதைக்குப் பாதை தேவை மாறும். கடலோரக் கொக்சைடாவின் மணல்மேடுகளில் மணலே பிரேக். கட்டைக்கு வேலை கொஞ்சம், தேய்மானம் மட்டும் அதிகம். நவம்பர் 1 அன்று ஔடெனார்டே அருகே நடக்கும் கொப்பன்பெர்க் பந்தயத்தில் கல் பாவிய ஏற்றமும் சரிந்த மேய்ச்சல் நிலமும். ஏறும்போது மறந்துபோன பிரேக், ஈரப் புல்லில் இறங்கும்போது உயிர்நாடி. நமூரிலோ சுற்று முழுதும் விரல்கள் லிவரைப் பிரிவதில்லை.

2013-இல் உலகச் சாம்பியன் போட்டி முதன்முறையாக ஐரோப்பாவை விட்டு அமெரிக்காவின் லூயிவில் நகருக்குப் போனது. ஓஹையோ நதி பெருகிப் பாதையை முழுக்கிவிடும் என்று அஞ்சி, எல்லாப் பந்தயங்களையும் பிப்ரவரி 2 சனிக்கிழமையிலேயே நடத்தி முடித்தார்கள். உறைந்த மண் இளகிக் குழம்பான களத்தில், சக பெல்ஜிய வீரர் கிளாஸ் வான்டோர்நௌட்டைச் சில நொடி வித்தியாசத்தில் முந்தி வென்றார் பெல்ஜியத்தின் ஸ்வென் நைஸ். 2005-க்குப் பிறகு அவருடைய இரண்டாவது உலகப் பட்டம் அது. டிஸ்க் பிரேக்கை சர்வதேச சைக்கிள் சங்கம் 2010-லேயே அனுமதித்துவிட்டது. ஆனாலும் நைஸ் அன்று நம்பியது கேன்டிலீவரையும் ரிம்மில் உரசும் கட்டையையும்தான். தனக்குத் தெரிந்த தொடுகையை எளிதில் விட மனம் வராது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

டிஸ்க்கின் வருகையும் சிக்கலின்றி நடக்கவில்லை. வளைந்த ஹேண்டில்பாருக்கான தன் முதல் ஹைட்ராலிக் பிரேக்குகளை ஸ்ராம் நிறுவனம் 2013 டிசம்பரில் திரும்பப் பெற்றது. உறைநிலைக் குளிரில் நடந்த சைக்ளோகிராஸ் பந்தயங்களில் உள்ளிருந்த சீல்கள் அழுத்தத்தைத் தாங்காமல் போயின. அந்தக் குறை தீர்ந்து, சில ஆண்டுகளில் டிஸ்க் களத்தைப் பிடித்துக்கொண்டது. கார்பன் ரிம் உரசலிலிருந்து விடுதலை பெற்றது; ரிம்மை இன்னும் லேசாக, பிரேக்கைப் பற்றிக் கவலையின்றி வடிவமைக்க முடிந்தது.

ஆனால் தேர்வு ஒழியவில்லை, இடம் மாறியது. டிஸ்க்குக்கான ரெசின் கட்டை குளிரிலும் முதல் தொடுகையிலேயே மென்மையாகக் கவ்வும். மணல் கலந்த நீரில் பந்தயம் முடிவதற்குள் கரைந்துபோகவும் கூடும். உலோகத் துகள்களை அழுத்திச் சுட்டுச் செய்யும் கட்டை நெடுநேரம் தாங்கும். ஆனால் அதிகம் சத்தமிடும், சூடேறும் வரை பிடியைத் தர யோசிக்கும். மழை எச்சரிக்கை வந்த நாளில் மெக்கானிக் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்ப்பது இன்றும் நடக்கிறது.

டிஸ்க்குக்கு மாறிய பந்தயக்காரர்கள் கைவிட்ட கார்பன் டியூபுலர் சக்கரங்கள் இன்று பழைய பொருள் சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன. கேன்டிலீவர் சைக்கிளை வைத்திருக்கும் உள்ளூர்ப் பந்தயக்காரருக்கு அவை நல்ல வாய்ப்பு. ரிம்மைச் செய்தவர் எந்தக் கட்டையைச் சொன்னார் என்று முதலில் தேடிப் பார்க்க வேண்டும். கார்பனுக்கென்று புதுக் கட்டை இரண்டு செட் வாங்க வேண்டும், ஒன்று பொருத்த, மற்றது மழை நாளில் பையில் வைத்திருக்க. பிறகு ஈரப் புல்லில் ஒரு சரிவைத் தேடி, பத்து முறை இறங்கி, லிவரில் விரல் எவ்வளவு போனால் சக்கரம் எப்போது கேட்கிறது என்று பழகிக்கொள்ள வேண்டும். பந்தயத்துக்கு முதல் நாள் மாலை அதற்குச் சரியான நேரம்.