தேம்பாவணியின் பெயர் மரபு

இத்தாலியினின்று வந்த வீரமாமுனிவர் 1726இல் இயற்றிய தேம்பாவணி, 36 படலமும் 3,615 பாடலும் கொண்ட பெருங்காப்பியம். சூசையப்பரே அதன் தலைவர். யூதேயாவைப் பாடப் புகுந்த முனிவர், மழை, ஆறு, வயல் எனத் தமிழ்க் காப்பிய முறையிலேயே வருணித்தார். வறண்ட நாட்டுக்கு இது பொருந்துமோ எனக் குறை கூறுவாருளர். அக்குறை மெய்யே, மருத வளம் அளவு கடந்துவிட்டது. ஆயினும், பெயர்களை நோக்குக. யோசேப்பு என்னும் எபிரேயச் சொல் பெருகுதலைக் குறிக்கும். முனிவர் அவரை வளன் என்றார். யோவான் என்பதற்கு இறைவன் அருளுடையன் என்பது பொருள். அவர் கருணையன் ஆனார். ஒலியைக் கடன் வாங்காது பொருளைப் பெயர்த்த இத்துணிவில், வடிவம் தமிழாயிற்று. சமயப் பொருளோ சிறிதும் குன்றவில்லை. கற்றோர்க்குரிய இப்பாடல்கள் எளிய மக்களுக்கு எட்டா. அதனையறிந்தே போலும், உபதேசியார்க்கென வேதியர் ஒழுக்கத்தை உரைநடையில் எழுதினார்.