நிழலில் எழும் எழுத்துகள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நாள் முழுக்க இரும்புச் சத்தம் கேட்ட காதோடு, பொன்னேரி வழியாகப் பழவேற்காடு போனால் முதலில் கிடைப்பது ஏரிக்காற்று. 1613இல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்டிரியா கோட்டையைத் தேடி வருகிறவர்கள், முள்புதரும் செங்கல் சிதைவும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். நான் போவது அருகே இருக்கும் டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்கு. வாசலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் நிற்கும். பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும். எனக்குப் பிடித்தவை உள்ளே படுத்திருக்கும் பெரிய பலகைக் கற்கள்.

பல கற்களில் எழுத்தைத் தோண்டவில்லை. எழுத்தை அப்படியே விட்டுவிட்டு, அதைச் சுற்றியிருந்த கல்லை உளியால் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கியிருக்கிறார்கள். எத்தனை பொறுமை வேண்டும்! ஒரு சுழி உடைந்தால் ஒட்டவைக்க வழியில்லை. செதுக்கியவர்கள் நம் பக்கத்துச் சிற்பிகள்தான் என்று நினைக்கிறேன். ஓரத்துக் கொடி வளைந்து போகும் விதம் கோயில் தூண்களை நினைவூட்டுகிறது. கல்லில் இருக்கும் டச்சு மொழி அவர்களுக்குப் புரிந்திருக்குமோ என்னவோ, வளைவுகள் புரிந்திருக்கின்றன. கையில் சின்ன உளி, அதன் தலையில் மெல்லிய 'டொக் டொக்', ஊதித் தள்ளிய கல்தூசி. குனிந்து பார்க்கும்போது அந்தச் சத்தம் எனக்குக் கேட்கிற மாதிரியே இருக்கும்.

உச்சிவெயிலில் போகாதீர்கள், கல் வெறும் கல்லாகத் தெரியும். வெயில் சாயும்போது போங்கள்; ஒவ்வொரு எழுத்தின் பக்கத்திலும் அதன் நிழல் படுத்திருக்கும்.