மேடையும் பிரசங்க பீடமும்: நேத்தன் பீல்டின் மடல்

ஆங்கில நாடக வரலாற்றில் நேத்தன் பீல்டு முதல் வரிசையில் வைத்து எண்ணப்படுபவர் அல்லர். ஷேக்ஸ்பியர், பென் ஜான்சன் போன்றோரின் புகழ்நிழலில் அவர் பெயர் மங்கிப்போயிற்று. ஆயினும், திருப்பணியாளரும் இறையியல் மாணவரும் அவரை அறிய வேண்டியதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. 1616இல் ஒரு பிரசங்கியாருக்கு அவர் வரைந்த மடல், பிரசங்க பீடத்தின் அதிகாரத்திற்கு எல்லை யாது என்னும் வினாவை எழுப்புகின்றது.

அவருடைய தந்தை ஜான் பீல்டு, பியூரிட்டன் இயக்கத்தின் முன்னணிப் பிரசங்கியார். 1572இல் தாமஸ் வில்காக்ஸ் என்பாருடன் சேர்ந்து, பேராயர் ஆட்சிமுறையைக் கண்டித்துப் பாராளுமன்றத்தை நோக்கி நூல் எழுதி, நியூகேட் சிறையில் அடைபட்டவர். 1583இல் பாரிஸ் தோட்டத்தில், ஓய்வுநாளில் கரடிப்போர் காணத் திரண்டோரின் பரண் சரிந்து சிலர் மாண்டபோது, அதனைத் தேவ தண்டனை என்று எழுதி, நாடகங்களையும் சேர்த்துச் சாடினார். நேத்தன் ஞானஸ்நானம் பெற்றது 1587 அக்டோபரில். அடுத்த ஆண்டே தந்தை மறைந்தார். பேராயரைச் சாடிய தந்தைக்கு, லாண்டாப் முதலிய மறைமாவட்டங்களின் பேராயராக உயர்ந்த தியோபிலஸ் ஒரு மகன். நாடகத்தைச் சாடிய தந்தைக்கு, நடிகராகிய நேத்தன் மற்றொரு மகன்.

நேத்தன் மேடையைத் தாமே நாடிச் செல்லவில்லை. அரசியின் சிற்றாலயப் பாடகர் குழுவுக்குச் சிறுவரைச் சேர்க்கும் அரச ஆணையைக் காட்டி, 1600ஆம் ஆண்டளவில் பிளாக்பிரையர்ஸ் நாடக அரங்கத்தார் பள்ளிச் சிறுவரைக் கவர்ந்து சென்றனர். ஹென்றி கிளிப்டன் என்னும் கனவான் தம் மகன் பொருட்டு வழக்குத் தொடுத்தார். அம்முறையீட்டில், கவரப்பட்ட பிற சிறுவருள் ஒருவராக, மல்காஸ்டரின் மாணவன் நேத்தன் பீல்டும் குறிக்கப்படுகிறார். அரங்கில் பென் ஜான்சன் அவருக்கு ஆசானாகி, ஹொரேஸ், மார்ஷியல் ஆகிய இலத்தீன் கவிஞரைப் பயிற்றினார். 1614இல் தம் நாடகமொன்றில் அவரைச் சிறந்த நடிகர் எனப் பெயர் சுட்டிப் பாராட்டவும் செய்தார். பின்னர் அரசரின் நாடகக் குழுவில் சேர்ந்த பீல்டின் பெயர், 1623இல் வெளிவந்த ஷேக்ஸ்பியர் தொகுதியின் நடிகர் பட்டியலில் இடம்பெற்றுள்ளது.

அவர் தனித்து எழுதிய நாடகங்கள் இரண்டு. பெண்களின் மனம் காற்றாடியைப் போல் சுழல்வது என எள்ளியது முதலாவது. அதற்கு ஈடுசெய்ய எழுந்தது இரண்டாவது. இரண்டிலும் நகைச்சுவை தரம் தாழ்ந்துபோகும் இடங்கள் உள. மாசிஞ்சருடன் இணைந்து எழுதிய ‘கேடு விளைத்த சீதனம்’ இவற்றினும் உயர்ந்தது. கடன் கொடுத்தோர் அடக்கம் செய்யவொட்டாது தடுத்த தந்தையின் உடலை மீட்க, மகன் தானே சிறைபுகும் காட்சி அதில் உண்டு.

சவுத்வர்க் பகுதியிலிருந்த புனித மரியாள் ஆலயத்தின் பிரசங்கியார் தாமஸ் சட்டன், சபையில் அமர்ந்திருந்த நடிகர்களை நேருக்கு நேர் சுட்டி, ஆக்கினைக்குள்ளானோர் எனப் பிரசங்கித்தார். அதற்கு மறுமொழியே பீல்டின் மடல். அதில் மூன்று வாதங்களைப் பிரித்துக் காணலாம். நடிகர் தொழிலை வேதாகமம் எங்கும் ஆக்கினைக்குட்படுத்தவில்லை. அரசர் ஆதரிக்கும் தொழிலைப் பழிப்பது அரசரையே பழிப்பதாகும். நல்ல மேய்ப்பர் வழிதப்பிய ஆட்டைச் சபித்து விரட்டாமல் தோளிற் சுமந்து வந்தார்.

இவற்றுள் இரண்டாவது வலுவற்றது. அரசின் ஆதரவு எதனையும் நீதியாக்கிவிடாது. சிறுவராயிருந்த பீல்டைக் கவர்ந்ததும் அரச ஆணையின் பெயராலன்றோ! முதலாவதும் முழுமையானதன்று, வேதம் பேசாதிருப்பது அனுமதியாகாது. எனினும், வேத ஆதாரமற்றது சபையில் நிற்கலாகாது என்பது பியூரிட்டன் கோட்பாடு. தந்தை ஏந்திய அப்படைக்கலத்தையே மகன் ஏந்தி, வேத ஆதாரமின்றிச் சொல்லப்படும் ஆக்கினைத் தீர்ப்பும் நிற்கலாகாது என்கிறார். இதற்குச் சட்டன் விடையளிக்கக் கடமைப்பட்டவர்.

மூன்றாவதே ஆயர்களின் மனச்சாட்சியைத் தொடுவது. சட்டனின் கவலை வெறுங்கற்பனையன்று. சவுத்வர்க்கில் நாடக அரங்கின் அருகே விலைமகளிர் இல்லங்களும் கரடிப்போர்க் களங்களும் இருந்தன. பீல்டின் ஒழுக்கத்தைப் பற்றியும் பழிச்சொல் உலவிற்று. ஆனால், பாவத்தைக் கண்டிப்பது வேறு. ஒரு தொழிலாளர் கூட்டத்தை முழுவதுமாகத் தள்ளிவிடுவது வேறு. தள்ளுண்டவர் அன்று ஆலயத்திற்கு வெளியே நிற்கவில்லை. வசனம் கேட்க வந்து அமர்ந்திருந்தார்.

1620 ஆகஸ்டுக்கு முன்பே, முப்பத்திரண்டு வயதளவில், பீல்டு மறைந்தார். 1642இல் பாராளுமன்றம் நாடக அரங்குகளை மூடிற்று; 1660இல் அவை மீண்டும் திறக்கப்பட்டன. தாவீதிடம் அனுப்பப்பட்ட நாத்தான் தீர்க்கன், ஒரு கதையைச் சொல்லி, அரசனே தன்மேல் தீர்ப்பளிக்கச் செய்தான். அப்பெயரைத் தாங்கிய நடிகரின் மடலைப் படித்தபின், பிரசங்கம் ஆயத்தம் செய்யும் ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ள வேண்டியது இதுவே: என் சொல்லால் இன்று சபையை விட்டு எழுந்து போகிறவர் மீண்டும் வருவதற்கு, நான் வழி வைத்திருக்கிறேனா?