வாதத்திலிருந்து வேண்டுதலுக்கு: ஜார்ஜ் ஹெர்பர்ட்டின் லெந்துப் பாடல்

லெந்து காலத்தில் நம் பிரசங்க பீடங்களிலிருந்து மிகுதியாக எழும் வினா, எதை விட்டுவிடுவது என்பதே. யாரோடு நடப்பது என்னும் வினா அதன் பின்னே ஒதுங்கி நிற்கிறது. முதல் வினாவிலிருந்து இரண்டாவதற்கு ஓர் உள்ளம் வந்து சேருவதைக் காட்டும் சிறந்த படைப்பு, ஆங்கிலக் குருவானவரும் கவிஞருமான ஜார்ஜ் ஹெர்பர்ட் (1593–1633) இயற்றிய ‘லெந்து’ என்னும் பாடலாகும். ஆறடிச் செய்யுள்கள் எட்டு கொண்ட இது, அவர் மறைந்த 1633ஆம் ஆண்டிலேயே வெளிவந்த ‘ஆலயம்’ என்னும் தொகுதியில் இடம்பெற்றுள்ளது.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பொதுச் சொற்பொழிவாளராகவும் பாராளுமன்ற உறுப்பினராகவும் விளங்கிய ஹெர்பர்ட், 1630இல் சால்ஸ்பரிக்கு அருகிலுள்ள பெமர்ட்டன் என்னும் சிற்றூரின் குருவானார். அக்காலத்தில் நோன்பு, சீர்திருத்தத் திருச்சபையாரிடையே தீராத வழக்காக இருந்தது. 1522ஆம் ஆண்டு லெந்து நாட்களில் சூரிக் நகரத்தார் சிலர் தடையை மீறி இறைச்சி உண்டபோது, சுவிங்ளி அவர்களது சுயாதீனத்தை ஆதரித்துப் பிரசங்கித்தார். இங்கிலாந்திலோ 1563ஆம் ஆண்டுச் சட்டம் மீன் உண்ணும் நாட்களைக் கூட்டியது. அதன் நோக்கம் பக்தியன்று, மீன்பிடித் தொழிலையும் கடலோடிகளையும் பேணுவதே. ஒருபுறம் சுயாதீனம், மறுபுறம் அரசாணை. இவ்விரண்டிற்கும் நடுவே நின்று ஹெர்பர்ட் லெந்தை ஒரு விருந்தென வரவேற்கிறார்.

எனினும் பாடலின் முற்பகுதி முழுநிறைவு தருவதாக இல்லை. உபவாசிக்கும்படி வேதம் கூறுகிறது, காலத்தைத் திருச்சபை குறிக்கிறது. பிற சங்கங்களுக்கு அளிக்கும் மதிப்பைத் தாயாகிய சபைக்கு மறுக்கலாமோ என்பது அவர் வாதம். சாதுரியமான வாதமே; ஆயினும் அது நோன்பைக் கீழ்ப்படிதலின் கணக்கில் மட்டும் எழுதுகிறது. நான்காம் செய்யுளோ மிதவுணவின் நலன்களையும் பெருந்தீனியின் அருவருப்புகளையும் எடுத்துரைக்கிறது. மருத்துவர் கூறவேண்டியதைக் கவிஞர் கூறுகிறார். சிலுவையின் நிழல் அங்கே விழவில்லை.

ஆறாம் செய்யுளில் திருப்பம் நேர்கிறது. கிறிஸ்துவின் நாற்பதாம் நாளை நாம் எட்ட இயலாது என்று கவிஞர் ஒப்புக்கொள்கிறார். எனினும் இருந்த இடத்தில் இருப்பதினும் வழியில் சிறிது தூரமேனும் செல்வது நன்று என்கிறார். ஏழாம் செய்யுளில்தான் அவர் தம் சொந்தக் குரலில் தேவனை ‘என்’ என்று உரிமையோடு சொல்லுகிறார். வெகுதூரம் முன்னே சென்றுவிட்ட ஆண்டவர், ஒருவேளை திரும்பி நோக்கித் தம் கையைப் பற்றக்கூடும் என்பது அவர் நம்பிக்கை. இந்த ‘ஒருவேளை’ ஆழ்ந்து நோக்கத்தக்கது. உபவாசித்தவன் என்னும் உரிமையால் எவனும் ஆண்டவரைத் திரும்பச் செய்ய முடியாது. நடப்பது நம் கடமை. அவர் திரும்புவது கிருபை. நீதிமானாக்கப்படுதலைப் பற்றிய நம் நீண்ட விளக்கங்கள் தவறவிடும் பணிவை இந்த ஒரு சொல் காத்துநிற்கிறது.

இறுதிச் செய்யுளில் வாதம் ஓய்ந்து வேண்டுதல் பிறக்கிறது. அதுவரை பிறருக்கு உபதேசித்தவர், தாமும் மாணவராகி, எங்களுக்குக் கற்றுத்தாரும் என ஆண்டவரை நோக்குகிறார். பட்டினியிடப்பட வேண்டியது பாவமே. விருந்து நடக்க வேண்டிய இடம் வீட்டின் உள்ளறையன்று, வாசல். ஏசாயா 58ஆம் அதிகாரத்தின் நோன்பு இதுவே. ஆனால் கவிஞர் இன்னும் ஓரடி முன்செல்கிறார்: வாசலில் உணவு பெறும் ஏழைகளின் பந்தியில் கொடுப்பவனின் ஆன்மாவும் ஓர் ஏழையாய் அமர்ந்திருக்கிறது. தருமம் செய்பவன் என்னும் பெருமிதத்திற்கு அங்கே இடமில்லை.

போதக ஊழியத்தில் பல ஆண்டுகளாக யானும் லெந்துக் கூட்டங்களில் இப்பாடலின் முதல் நான்கு செய்யுள்களின் மொழியிலேயே பேசிவந்தேன்: விதி, பயன், எச்சரிக்கை. கேட்டோர் மறுக்கவில்லை, ஆனால் ஜெபிக்கவும் தொடங்கவில்லை. குறை அவர்களுடையதன்று. எட்டாம் செய்யுளுக்கு வராத போதகன் தன் மக்களை அங்கு அழைத்துச் செல்வது எங்ஙனம்? தேவனைப் பற்றிப் பேசுவதிலிருந்து தேவனோடு பேசுவதற்கு நகர்வதே ஆன்மீக வளர்ச்சி. உயிர்ப்பு ஞாயிறன்று நாம் விட்டொழித்தவற்றை எண்ணிப் பார்ப்பதினும், நம் வாசலில் யார் உண்டார்கள், அவர்களோடு நாமும் உண்டோமா என்று நம்மையே கேட்பது தகும்.